பொறுப்பாளர் கையெழுத்து

அநியாயம் நடந்தது ஆவுடையம்மாளுக்கு. நடந்த இடம் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அட்மிஷன் கவுன்டர். நடந்த விதம் இதுதான்: பாறைக்குளம் நடுநிலைப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர், நாற்பத்தொரு வயதுக்காரி, பன்னிரண்டு வருஷமாகத் தினமும் இருநூற்றுப் பதினாறு முட்டைக்கும் அதற்குண்டான அரிசிக்கும் பருப்புக்கும் நானே பொறுப்பு என்று ஒற்றை ஆளாய்க் கையெழுத்துப் போட்டு வந்தவள், தன் வயிற்றுக்குள் கிடக்கிற ஒரே ஒரு பித்தப்பையை எடுத்துவிடச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வந்தபோது, அந்தக் கையெழுத்து செல்லாது என்று தாளைத் திருப்பித் தள்ளினார்கள்.

அன்றைக்குக் காலை ஏழு பத்து பஸ்ஸில், இரண்டு நைட்டி, ஒரு துண்டு, ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒன்பது கல் இருக்கிறது என்று சொன்ன ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு தன்னந்தனியாக வந்து இறங்கியிருந்தாள். கவுன்டரில் இருந்த எஸ்தர் சிஸ்டர் தலையை நிமிர்த்தாமலே, "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். ஆவுடை திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள், தனக்கே தெரியாமல் யாரும் வந்து நிற்கிறார்களோ என்பதுபோல. அங்கே ஒரு மின்விசிறியும் குடிதண்ணீர் கேனும்தான் நின்றன. புருஷனா, அப்பாவா, அண்ணன் தம்பியா, யாராவது ஓர் ஆம்பிளை பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டால்தான் படுக்கை என்று சிஸ்டர் சொன்னார். கெட்ட மனுஷி இல்லை அவர். வருஷக்கணக்காக அதே வரியைச் சொல்லிச் சொல்லி அந்த வரியாகவே ஆகிப்போனவர். ஆவுடைக்கு அப்பா செத்துப் பதினைந்து வருஷம், புருஷன் செல்லத்துரை திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகி ஒன்பது வருஷம். தாளை நாலாய் மடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினாள். சொல்லாத பதில் வழியெல்லாம் வாயிலேயே கிடந்தது, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல்.

அவளுக்கு வலி வந்து மூன்று வருஷம். வலது விலா எலும்புக்குக் கீழே, ஈரத்துணியை யாரோ இரண்டு கையாலும் பிழிகிற மாதிரி ஆரம்பித்து, முதுகைச் சுற்றிக்கொண்டு வலது தோள்பட்டையில் போய் உட்காரும். மூன்று வருஷமும் ஊர் முழுக்க அதற்கு ஒரே பெயர்தான் வைத்திருந்தது, வாயு என்று. தம்பி மாசானம் வாயு என்றான், அவன் பெண்சாதி தங்கபுஷ்பம் வாயு என்றாள், சித்தப்பா ஆண்டியப்பன் பொம்பிளைகள் நேரத்துக்குச் சாப்பிடாததால் வருகிற வாயு என்று விரிவுரையே நடத்தினார். ஓம வாட்டர், சீரகத் தண்ணீர், வெந்நீரில் கரைத்த பெருங்காயம் என்று குடித்துக் குடித்து, வலது கையை எப்போதும் விலாவின் மேல் ஊன்றியபடியே நடந்து நடந்து, இடது கையாலேயே சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்க்கப் பழகியிருந்தாள்.

மாசானத்துக்கு உள்ளூர்ப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிளம்பிங் சாமான் கடை. ஆவுடை நேரே அங்கே போய்த் தாளை நீட்டினாள். அன்றும் வலி காலையிலிருந்தே பிழிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு வாயுக்குப் போய் வயிற்றைக் கிழிக்கணுமா, நாலு நாள் பத்தியம் இருந்தால் கல் தானே கரையாதா என்று அவன் கொஞ்ச நேரம் நியாயம் பேசினான். பிறகு, பி.வி.சி. பைப் கட்டின் மேல் தாளை வைத்து, படிக்காமல், கடை ரசீதில் போடுவதுபோல ஓர் இழுப்பு இழுத்துக் கீழே இரண்டு புள்ளி வைத்தான். அவன் படிக்காத வாசகம் இது: 'இவருக்கு நேரும் எல்லா விளைவுகளுக்கும் நானே முழுப் பொறுப்பு.'

எத்தனையோ தகப்பன்மாரும் புருஷன்மாரும் அண்ணன் தம்பிகளும் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இந்தத் தாள் மட்டும் எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொண்டது. ஏன் இந்தத் தாள், ஏன் அன்றைக்கு என்று பாறைக்குளத்தில் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அதைவிட அவசரமான ஜோலி வந்துவிட்டது.

இரண்டாவது புள்ளி விழுந்ததும் ஆவுடையின் விலாவில் பிழிந்துகொண்டிருந்த கை சட்டென்று விட்டுவிட்டது. மூன்று வருஷமாய் அங்கேயே ஊன்றியிருந்த அவளுடைய வலது கை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கியது. மாசானம் பைப் கட்டின் மேல் மெள்ள, மிக மெள்ள உட்கார்ந்தான். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை.

"யக்கா, என்னமோ பண்ணுதே."

"எங்க வலிக்கி?"

அவன் காட்டினான். அச்சு அசலாக அதே இடம்.

"தோள்பட்டைக்குப் போகுதா?"

"போகுதுக்கா."

"அப்ப வாயுதான்," என்றாள் ஆவுடை. "ஓம வாட்டர் குடி."

அவளுக்கு மூன்று வருஷம் கழித்துக் கிடைத்த ஸ்கேன் அவனுக்கு ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்தது. கார் வந்தது, ஊசி வந்தது, தங்கபுஷ்பம் தலைவிரி கோலமாய் ஓடி வந்தாள், எங்கெங்கோ இருக்கிற பெரிய டாக்டர்களின் பெயர் யார் யார் வாயிலோ வந்தது. இவ்வளவு நாளாய் அந்தப் பெயர்களை எல்லாம் எந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்களோ தெரியாது. மூன்று இடத்தில் எடுத்த ஸ்கேனிலும் அவன் பித்தப்பை கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி பளிச்சென்று இருந்தது. கல் அக்காவுக்கு, வலி தம்பிக்கு என்பது சாயங்காலத்துக்குள் ஊருக்கு விளங்கிவிட்டது. டீக்கடையில் அதைக் கரண்ட் கனெக்‌ஷன் பெயர் மாற்றத்தோடு ஒப்பிட்டார்கள்: மீட்டர் பழைய வீட்டிலேயே இருக்கும், பில் புதுப் பெயருக்கு வரும். எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது அந்த விளக்கம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான அதிசயம். ஆவுடை என்ன சாப்பிட்டாள் என்று ஊர் கேட்க ஆரம்பித்தது. நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு ஆள் கேட்காத கேள்வி. இப்போது விடிந்தால் பத்துப் பேர் கேட்டார்கள். அவள் எண்ணெய்ப் பலகாரம் தின்றால் இருபதாவது நிமிஷத்தில் மாசானம் கடையில் சுருண்டு விழுவான் என்று கண்டுகொண்டதும், டீக்கடைக்காரர் வடைத் தட்டை அவள் பக்கம் வராமல் நகர்த்தி வைத்தார், பலசரக்குக் கடையில் அவளுக்கு நல்லெண்ணெய் கொடுக்கும்போது எதற்கு என்று விசாரித்தார்கள், தங்கபுஷ்பம் மூன்று வேளையும் கேரியரில் கஞ்சியும் இட்லியும் கொண்டுவந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து, "மைனி, மெதுவா, மெதுவா," என்று வழித்துணைபோலக் கூடவே வந்தாள். ஆவுடை ஒருநாள் பொறுத்தாள். மறுநாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முட்டையை அவித்தாள். மூன்று வருஷமாய் இருநூற்றுப் பதினாறு முட்டையை எண்ணி அவித்து உரித்துக் கொடுத்தும், ஒன்றைக்கூட வாயில் வைக்க முடியாதவள். மஞ்சள் கருவை நாக்கில் வைத்து, அது கரையக் கரையக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் யாரோ ஓலமிடுவது காற்றில் கேட்டது. இன்னொரு முட்டையை எடுத்து உரித்தாள்.

இது தப்பா என்று கேட்டால், கேட்கிறவர்கள் முதலில் மூன்று வருஷம் ஓம வாட்டர் குடித்துவிட்டு வந்து கேட்கட்டும்.

ஆனால் நிம்மதி மட்டும் வரவில்லை. வலி போனபிறகு அவளால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டுக்கும் பம்புத் தொட்டிக்கும் நடந்தாள், துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்தவள் இல்லை. ஊசியைத் தவிர வேறு இரும்பு அவள் உடம்புக்குள் போனதில்லை. நாலு துளை போடுவார்களாம், வயிற்றைக் காற்றடைத்து உப்ப வைப்பார்களாம், ஒரு கேமரா உள்ளே போகுமாம். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. மயக்கத்தில் கிடக்கிற ஒன்றரை மணி நேரம் தான் எங்கே இருப்போம் என்பதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது. எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்க்கிறவள் அவள். தூங்கும்போது அவளை யார் எண்ணுவார்கள், எழுந்த பிறகு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது? வலிதான் இல்லையே, இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்து வந்து போயிற்று.

மாசானம் கையெழுத்தை அடித்துப் பார்த்தான், வலி போகவில்லை. அப்போதுதான் சித்தப்பா ஆண்டியப்பன், ஒரு காலத்தில் வார்டு மெம்பராக இருந்தவர், ஆம்பிளை என்றால் தாங்க வேண்டாமா என்று மீசையைத் தடவிக்கொண்டு அடித்த கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். வலி தம்பியை விட்டுச் சித்தப்பாவிடம் போனது. கடைசியாகப் போட்டவனுக்குத்தான் வலி என்று இதில் தெரிந்தது. ஆம்பிளை ஒன்றரை நாள் தாங்கினார். அந்த ஒன்றரை நாளும் ஆவுடையின் அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் தாளிக்கும் கரண்டியை எடுக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் ஊர்ப் பெரிய மனுஷர்கள் கூடி, சட்டப்படி இது யாருக்குச் சேர வேண்டியது என்று பேசி முடிவு செய்து, திருப்பூரிலிருந்து செல்லத்துரையை வரவழைத்தார்கள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வந்தவன், நான் தாலி கட்டினவனாக்கும் என்ற தோரணையில், எல்லோரும் பார்க்கப் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டான். பஸ் ஏறித் தப்பித்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. வலியும் அவனோடு பஸ் ஏறியது.

அன்றைக்கே போன் வந்தது.

"ஆவுடை, என்ன சாப்பிட்ட?"

"பரோட்டா."

"எத்தன?"

"ரெண்டு. இன்னொண்ணு இலையில இருக்கு."

ஒன்பது வருஷமாய், இவன் என்றைக்காவது போன் செய்தால் என்ன பேசுவான், தான் என்ன பேசுவோம் என்று விதவிதமாய் நினைத்து வைத்திருந்தாள். அதில் பரோட்டா இல்லை. மூன்றாவதை அவள் தின்னவில்லை. இரக்கப்பட்டு அல்ல, ஆறிப்போயிருந்தது.

புருஷன் கையெழுத்து என்றதும் ஆஸ்பத்திரி மறுபேச்சில்லாமல் வியாழக்கிழமை என்று தேதி கொடுத்தது. அவள் படபடப்பைப் பார்த்து, மத்தியானம் கொஞ்சம் தூங்கட்டும் என்று சர்ஜன் ஒரு சின்ன மாத்திரை எழுதினார். செவ்வாய்க்கிழமை அதைப் போட்டுக்கொண்டு படுத்தவள் பொட்டுத் தூக்கமில்லாமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதே நேரத்தில் திருப்பூரில் செல்லத்துரை பனியன் மூட்டையின் மேல் குப்புற விழுந்து, தட்டி எழுப்பியும் எழும்பாமல், சாயங்காலம்வரை குறட்டை விட்டான் என்று பிற்பாடு தெரிந்தது.

புதன்கிழமை காலை பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில், முட்டைத் தட்டுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து எண்ணிக்கொண்டிருந்தபோது, சமையல்காரி ராமலச்சுமி அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"டீச்சர், ஒங்க கண்ணு என்ன இப்படி மஞ்சளா கெடக்கு?"

கண் மட்டுமல்ல, உள்ளங்கையும் நகமும் மஞ்சள் தேய்த்த மாதிரி இருந்தன. ராமலச்சுமி அடுப்பை அடுத்தவளிடம் விட்டுவிட்டு அவளை ஆட்டோவில் ஏற்றினாள். சர்ஜன் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு கல் நழுவிக் குழாயில் இறங்கி அடைத்திருக்கிறது, இரண்டு நாளாவது ஆகியிருக்கும், துடிதுடித்திருக்க வேண்டுமே, ஏன் உடனே வரவில்லை என்று கேட்டார். தனக்கு வலியே தெரியவில்லை, அது புருஷன் கையெழுத்தோடு திருப்பூர் போய்விட்டது என்றாள். அவர் ஆச்சரியப்படவில்லை, கேஸ் ஷீட்டில் 'வலி: திருப்பூரில்' என்று எழுதிக்கொண்டார். செல்லத்துரைக்குப் போன் போட்டார்கள். ஆமா, திங்கக்கிழமையே உயிர் போற மாதிரி இருந்துச்சு, நான் மரத்துப்போற ஊசி ஒண்ணு போட்டுட்டுப் படுத்துட்டேன் என்றான். அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஆவுடை ஸ்கேன் அறை வாசலில் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடைய உடம்பு அவளுக்கு அனுப்பிய செய்தி வேறு விலாசத்துக்குப் போய், பிரிக்காமலே மூலையில் போடப்பட்டிருக்கிறது. உள்ளே வீடு எரிகிறது, புகை இன்னொருத்தன் வீட்டில் வருகிறது, அவன் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறான். வலி என்பது தன்னை வதைக்க வந்தது என்றுதான் மூன்று வருஷமும் நினைத்திருந்தாள். இத்தனை பேரில் அது ஒன்றுதான் அவளிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சர்ஜன் இன்னொன்றும் சொன்னார். செவ்வாய்க்கிழமை மாத்திரை யாரைத் தூங்க வைத்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மயக்க டாக்டர் கையை விரித்துவிட்டார்: இந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு மயக்கம் கொடுத்தால் தூக்கம் திருப்பூருக்குப் போகும், கத்தி இங்கே இருக்கும். பேஷண்டே போட்ட கையெழுத்து இருந்தால் நாளைக் காலையில் முதலில் அந்தக் கல்லை எடுத்துவிட்டு, கையோடு பித்தப்பையையும் எடுத்துவிடலாம். இல்லையென்றால் தொட முடியாது. ரொம்ப நாள் தாங்கவும் தாங்காது.

ஆக, பத்து நாளுக்கு முன்னால் நின்ற அதே கவுன்டரில் ஆவுடை மறுபடி போய் நின்றாள். இந்த முறை பின்னால் ஆள் இருந்தது. மாசானம், ஆண்டியப்பன், தங்கபுஷ்பம், ராமலச்சுமி, மாசானத்தின் போனில் ஸ்பீக்கரில் செல்லத்துரை. அவள் கையெழுத்து அவளுக்குச் செல்லும், செல்ல வேண்டும், செல்லாமல் போனால் இந்த நாட்டில் நீதி ஏது என்று மூன்று ஆண்களும் பெண்ணுரிமை பேசினார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எஸ்தர் சிஸ்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறுப்பாளர் என்ற இடத்தில் உறவினர்தான் போட வேண்டும், பேஷண்ட் அல்ல, அது விதி என்றார்.

"எனக்கு என்னைவிடக் கிட்டத்து உறவு யாரு சிஸ்டர்?" என்றாள் ஆவுடை.

"அதில்லம்மா. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா நாங்க யாரப் போயி கேக்க?"

"ஆகறதுக்கு முன்னால யாரக் கேட்டிய?"

சிஸ்டர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வந்து, சட்டைப் பையில் பேனாவைச் சொருகியபடியே, நிர்வாகம், நடைமுறை, பாதுகாப்பு என்று பேசினார். ஆவுடை கடைசிவரை கேட்டாள். அப்புறம் தாளை அவர் பக்கம் நகர்த்தி, அப்படியென்றால் ஆஸ்பத்திரி சார்பில் நீங்களே போட்டுவிடுங்கள், உங்கள் கையெழுத்து எல்லா இடத்திலும் செல்லுமே என்றாள். மேனேஜர் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். தாள் சிஸ்டர் பக்கம் போனது. சிஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மருந்துக் கடைக்காரர், வாட்ச்மேன், வரிசையில் நின்ற யார் யாரோ புருஷன்மார் என்று தாள் யார் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் ஓர் அடி பின்வாங்கியது. பொறுப்பு என்ற அந்தச் சொல்லை இத்தனை பேர் இவ்வளவு கவனமாகப் படித்து அந்தக் கட்டடம் பார்த்ததே இல்லை. கடைசியில் மேனேஜர் சுவரைப் பார்த்துக்கொண்டு, பேஷண்டும் போடலாம் என்று புது விதி ஏதோ வந்திருப்பதாகத்தான் கேள்வி என்றார்.

பேனாவை எடுத்த பிறகு ஆவுடையின் கை நின்றது. அவித்த முட்டையின் மஞ்சள் கரு ஒரு கணம் நாக்கில் வந்தது. கீழே வைத்துவிட்டு வெளியே நடந்தால் வலியில்லாமல் இருக்கலாம், இருக்கிறவரைக்கும். பின்னால் மாசானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கேட்டது. மூன்று கையெழுத்துக்கும் கீழே, இருநூற்றுப் பதினாறு முட்டைக்குப் போடுகிற அதே எழுத்தில், அவசரமில்லாமல், 'மூ. ஆவுடையம்மாள்' என்று எழுதினாள். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைப்பதற்குள் வலி வந்துவிட்டது, திருப்பூரில் மரத்துக் கிடந்ததெல்லாம் சேர்ந்து, மூட்டை மூட்டையாக. கவுன்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "ஏ, போயிட்டு, போயிட்டு," என்றது ஸ்பீக்கர், போன் கட்டாகிவிட்டது. ராமலச்சுமி அவள் இடுப்பைத் தாங்கினாள். வலியைத் தள்ள வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அது எங்கே தொடங்கி எந்த வழியாய்ப் போகிறது என்று ஒவ்வொன்றாய்க் கவனித்தாள்; குறைவில்லாமல் எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. எஸ்தர் சிஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, தானே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பச்சை அங்கி மாட்டி, தலையில் தொப்பி வைத்து, மெட்டியையும் தாலியையும் கழற்றச் சொன்னார்கள். யாரிடம் கொடுக்க என்று கேட்ட நர்ஸிடம் ஒரு கவர் வாங்கி, உள்ளே போட்டு, மேலே தன் பெயரை எழுதித் தலையணைக்கு அடியில் வைத்தாள். பயம் போயிருந்தது என்று சொன்னால் பொய்; நேற்றைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஸ்ட்ரெச்சர் நீளமான வராந்தாவில் உருண்டபோது மேலே விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கடந்தன. பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டே போனாள். பதினாலாவது விளக்கில் தியேட்டர் கதவு. அங்கே பெஞ்சில் மாசானமும் ஆண்டியப்பனும் உட்கார்ந்திருந்தார்கள், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

கதவைத் திறந்து வெளியே வந்த ஊழியர், கையிலிருந்த ஃபைலைப் பார்த்து, வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"ஆவுடையம்மாள்கூட வந்திருக்கது யாரு?"

மாசானம் தரையைப் பார்த்தான். ஆண்டியப்பன் மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தார். ஆவுடை இந்த முறை பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையை விலாவில் ஊன்றி, முழங்கையை ஸ்ட்ரெச்சரில் கொடுத்து, முடிந்த மட்டும் நிமிர்ந்தாள்.

"ஆவுடையம்மாள்," என்றாள்.